ஊசிக்கு முன் கேட்கும் கேள்விகள்

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஓர் அங்கத்தினர் கடன் மனுக் கொடுத்தால், பஞ்சாயத்தார் உடனே பணப்பெட்டியைத் திறந்துவிடுவதில்லை. கடன் எதற்காக, நிலம் எவ்வளவு, முந்திய கடனில் பாக்கி உண்டா, ஜாமீன் யார் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். மனுதாரரை அவமதிக்கவேண்டும் என்ற எண்ணத்தினால் அவர்கள் இவ்வாறு கேட்பதில்லை. விசாரியாமல் கொடுத்த கடன் வாங்கினவரையும் கெடுக்கும், சங்கத்தையும் கெடுக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. அதே சமயத்தில், விசாரணையையே ஒரு சாக்காக வைத்துத் தகுதியுள்ள அங்கத்தினரைத் திருப்பி அனுப்பும் சங்கமும் தன் கடமையைச் செய்ததாகாது. அவர் வட்டிக்கடைக்குப் போய்ச் சேர்வார். அங்கே அவருடைய நிலமே போய்விடக்கூடும்.

தடுப்பூசி போடும் இடத்திலும் இதே நியாயந்தான் நடக்கிறது. குழந்தையை எடுத்துக்கொண்டு வந்த தாயிடம் கிராம சுகாதாரச் செவிலியர் முதலில் சில கேள்விகளைக் கேட்கிறார். பிறகு குழந்தையைப் பார்க்கிறார். அதற்குப் பின்னரே மருந்தை எடுக்கிறார். "வெயிலில் வந்தவளை உட்காரவைத்து இத்தனை விசாரணை எதற்கு?" என்று சில தாய்மார் சலித்துக்கொள்கிறார்கள். வேறு சிலர், உண்மையைச் சொன்னால் ஊசி போடாமல் அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சி, எல்லாக் கேள்விகளுக்கும் "ஒன்றுமில்லை" என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். இன்னும் சிலர், குழந்தைக்குச் சிறிது மூக்கு ஒழுகினாலே அன்றைய தினம் வீட்டைவிட்டுப் புறப்படுவதில்லை. இம்மூன்றும் தவறு. ஏன் தவறு என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுரையில் நடந்தது

காளவாசல் மதுரை நகரின் மேற்குப் பகுதியில், தேனி ரஸ்தாவும் புறவழிச் சாலையும் கூடும் இடத்தில் இருக்கிறது. கோச்சடை, துவரிமான், அச்சம்பத்து, நாகமலை புதுக்கோட்டை முதலான ஊர்கள் அதன் சுற்றுப்புறத்திலும் மேற்கிலும் உள்ளன. ஊசி போடுவதற்கு முன் விசாரணை நடக்கும் என்பதை இவ்வூர்களிலுள்ள பெரியவர்கள் தங்கள் சொந்த அனுபவத்திலேயே அறிந்துகொண்டது 2021-ஆம் வருஷத்திலாகும்.

அவ்வருஷம் ஜனவரி மாதம் 16-ஆம் தேதி கொரோனா நோய்க்கான தடுப்பூசி வேலை இந்தியா முழுவதும் 3,000-க்கு மேற்பட்ட இடங்களில் ஒரே நாளில் ஆரம்பமாயிற்று. தமிழ்நாட்டில் அவ்வேலையை அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, வைகையின் வடகரையிலுள்ள மதுரை அரசு இராஜாஜி ஆஸ்பத்திரியில் ஆரம்பித்துவைத்தார். முதலில் ஊசி பெற்றவர்கள் வைத்தியத் தொழிலில் உள்ளவர்களே.

அப்போது ஒவ்வோரிடத்திலும் மூன்று அறைகள் வேண்டுமென்று விதி செய்யப்பட்டிருந்தது. ஒன்று காத்திருப்பதற்கு, ஒன்று ஊசி போடுவதற்கு, மற்றொன்று ஊசி போட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு. ஓரிடத்தில் ஒரு நாளைக்கு 100 பேருக்கு மட்டுமே முதலில் போடுவதென்றும், ஐவர் கொண்ட குழு அவ்வேலையைக் கவனிப்பதென்றும் ஏற்பாடு. அந்த ஐவரில் ஊசி போடுகிறவர் ஒருவரே. மற்ற நால்வர் வந்தவர் இன்னார் என்று சரிபார்த்தல், பெயரைப் பதிதல், கூட்டத்தை ஒழுங்கு செய்தல், ஊசிக்குப் பின் கவனித்தல் ஆகிய வேலைகளில் இருந்தனர். ஊசி உடம்பில் இறங்க ஒரு விநாடி போதும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள கவனிப்பே பெரிய வேலை என்பது இந்த ஏற்பாட்டிலிருந்து விளங்கும்.

அன்று கேட்கப்பட்ட கேள்விகள் தெளிவானவை. முன்பு ஏதேனும் தடுப்பூசியாலோ, வேறு ஊசி மருந்தாலோ, உணவாலோ உடம்பு முழுவதும் தடித்து, மூச்சு முட்டும்படியான கடும் ஒவ்வாமை வந்ததுண்டா என்று கேட்டார்கள். அப்போது கொரோனாவின் குறிகள் உள்ளவரையும், வேறு நோயால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரையும், குணமடைந்து 4 முதல் 8 வாரங்கள் சென்றபின் வரச் சொன்னார்கள். இரத்தம் எளிதில் உறையாதவர்களுக்கு எச்சரிக்கையுடன் போட்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அப்போது போடவில்லை. அவர்களுக்கு அம்மருந்தைக் கொடுத்து ஆராய்ந்த முடிவுகள் அச்சமயம் கைவசம் இல்லாததே அதற்குக் காரணம். ஆராய்ச்சி வளர்ந்தபின், அதே வருஷம் மே மாதம் 19-ஆம் தேதி பாலூட்டும் தாய்மாருக்கும், ஜூலை மாதம் 2-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கும் அனுமதி அளிக்கப்பட்டது.

"ஜனவரியில் கூடாதென்றவர்கள் ஜூலையில் எப்படிக் கூடும் என்கிறார்கள்?" என்று அக்காலத்தில் பலர் ஐயுற்றார்கள். மழை பெய்வதற்கு முன் ஒரு விதமாகவும், பெய்தபின் வேறு விதமாகவும் குடியானவர் வேலையைத் திட்டம் செய்வதில்லையா? அறிவு கூடும்போது விதி மாறுவதும் அது போன்றதே. அறிவு கூடியும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஐயுற இடமுண்டு.

பழைய நாளிலும் இருந்த விசாரணை

ஊசிக்கு முன் விசாரிப்பது புதிதாக வந்த வழக்கமன்று. வைசூரி என்னும் பெரியம்மை நாட்டை வாட்டிய காலத்தில், கரப்பான் உள்ளவருக்கு அம்மைப்பால் குத்துவது ஆபத்தென்று கண்டார்கள். அம்மைப்பாலில் உள்ள கிருமி உயிருள்ளது. நல்ல தோலில் அது குத்திய இடத்தோடு நின்றுவிடும். கரப்பான் உள்ள தோலில் உடம்பெங்கும் பரவிவிடும். ஆகையால் அத்தகையவரை விலக்கிவைத்தார்கள். ஊரில் எஞ்சியவர்களுக்குக் குத்தியதனாலேயே விலக்கப்பட்டவர்களும் காப்பாற்றப்பட்டார்கள். இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975-ஆம் வருஷம் மே மாதத்தில். உலகத்தை விட்டே அது ஒழிந்ததென்று 1980-இல் அறிவிக்கப்பட்டது.

காசநோய்க்கான பி. சி. ஜி. ஊசியும் இதற்கு மற்றோர் உதாரணம். அது இந்தியாவில் 1948-இல், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில் பரீட்சார்த்தமாக ஆரம்பிக்கப்பட்டது. அதே வருஷத்தில் சென்னைக் கிண்டியில் அம்மருந்தைத் தயாரிக்கும் சாலை ஏற்பட்டது. அக்காலத்தில் ஊசிக்கு முன் ஒவ்வொருவருக்கும் முன்கைத் தோலில் ஒரு சோதனை மருந்தைச் செலுத்துவார்கள். மூன்று நாள் கழித்து வந்து பார்ப்பார்கள். தடித்திருந்தால் காசநோய்க் கிருமி ஏற்கெனவே உடம்பில் புகுந்துவிட்டதென்று பொருள். அவருக்கு ஊசி இல்லை. தடிக்காதவருக்கே ஊசி. பிற்காலத்தில் அச்சோதனை கைவிடப்பட்டு, பிறந்த சிசுவுக்கே பி. சி. ஜி. போடும் முறை வந்தது. சோதனை போய்விட்டாலும் விசாரணை போகவில்லை. மூன்று நாள் செய்த காரியத்தைச் சில நிமிஷக் கேள்விகளால் செய்யும்படி ஆயிற்று.

கேள்விகளும் காரணங்களும்

தமிழ்நாட்டில் கிராமங்களில் தடுப்பூசிக்கு உரிய நாள் புதன்கிழமை. அன்று செவிலியர் கேட்கும் கேள்விகளையும் அவற்றின் காரணங்களையும் கீழே காண்க.

1. "குழந்தை பிறந்த தேதி என்ன? அட்டை இருக்கிறதா?" இதுவே முதற் கேள்வி. ஒவ்வொரு மருந்துக்கும் காலம் உண்டு. பிறந்தவுடன் பி. சி. ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சட்காமாலைக்கான ஊசி. 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான ஊசியும் பிற மருந்துகளும். 9 மாதம் நிறைந்தபின் தட்டம்மை ரூபெல்லா ஊசி. 16 முதல் 24 மாதங்களுக்குள் அதன் இரண்டாம் தவணை. 5 முதல் 6 வயதுக்குள் மற்றோர் ஊசி. 10, 16 வயதுகளில் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் நோய்களுக்கான ஊசி. தட்டம்மைக்கு 9 மாதம் காத்திருப்பானேன் என்று கேட்கலாம். தாயின் இரத்தத்திலிருந்து சிசு பெற்ற எதிர்ப்புச் சக்தி முதல் சில மாதங்கள் அதன் உடம்பில் தங்கியிருந்து, ஊசி மருந்தின் வேலையைத் தடுத்துவிடும். அது குறைந்தபின் போட்டால்தான் ஊசி பலிக்கும். தேதி தவறாகச் சொன்னால் ஊசி வீணாகும்.

2. "இன்று குழந்தை எப்படி இருக்கிறது?" கடுமையான காய்ச்சலோ, மூச்சுத் திணறலோ, கண் திறவாத சோர்வோ இருந்தால் ஊசியைச் சில நாள் தள்ளிவைத்து முதலில் டாக்டரிடம் அனுப்புவார்கள். ஊசி அந்நோயை அதிகப்படுத்தும் என்பதற்காக அன்று. நோய் முற்றினால் எதனால் முற்றிற்று என்று பிரித்தறிய இயலாது, சிகிச்சையும் தாமதமாகும்.

3. "சென்ற ஊசிக்குப் பின் என்ன ஆயிற்று?" ஒரு நாள் காய்ச்சல், தொடையில் வீக்கம், அழுகை ஆகியவை சாதாரணமானவை. ஊசி போட்ட சிறிது நேரத்திற்குள் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியிருந்தால் அதே மருந்தை மறுபடி போடலாகாது. கக்குவான் மருந்து சேர்ந்த ஊசிக்குப் பின் ஏழு நாளுக்குள் நினைவு தப்பி மூளை பாதிக்கப்பட்டிருந்தால், அம்மருந்தையும் மறுபடி போடலாகாது. இக்கேள்விக்கு "ஒன்றுமில்லை" என்று பொய் சொல்வதுபோல் ஆபத்தானது வேறில்லை.

4. "ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?" மருந்தின் பெயர் தெரியாவிட்டாலும், எந்த ஆஸ்பத்திரியில், எப்போது, என்ன ஆயிற்று என்று சொன்னால் போதும்.

5. "நீண்டகால நோய் உண்டா? என்ன மருந்து சாப்பிடுகிறது?" பி. சி. ஜி., போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை ஊசி ஆகியவற்றில் வலுக் குறைக்கப்பட்ட உயிர்க்கிருமி இருக்கிறது. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த குழந்தை, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தை, அதிக அளவில் ஸ்டீராய்டு மருந்து சாப்பிடும் குழந்தை, எச். ஐ. வி. தொற்றுள்ள குழந்தை ஆகியோருக்கு உயிர்க்கிருமி மருந்தைக் கொடுக்கலாமா என்பதை டாக்டரே முடிவு செய்யவேண்டும். இரகசியமான நோயாயின் தாய் செவிலியரைத் தனியே அழைத்துச் சொல்லலாம்.

6. "இரத்தம் நிற்காமல் ஓடும் வியாதி குடும்பத்தில் உண்டா?" இருந்தால் மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல், சில நிமிஷம் அழுத்திப் பிடித்திருப்பார்கள்.

7. வயது வந்த பெண்களிடம், "கர்ப்பமாக இருக்கிறாயா, அம்மா?" என்று கேட்பார்கள். தட்டம்மை ரூபெல்லா ஊசியைக் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை. ரணஜன்னி ஊசியையோ கர்ப்பிணிக்கு அவசியம் போடவேண்டும். ஒரே நிலைமை ஒரு மருந்துக்குத் தடையாகவும், மற்றொரு மருந்துக்குக் காரணமாகவும் இருப்பதை இங்கே காணலாம்.

தடையாகாதவை

விசாரணையில் மற்றொரு பாதியும் உண்டு. இன்னின்ன காரணங்களால் ஊசியை நிறுத்தக் கூடாது என்று அறிவதே அது. கடும் ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிகளில் ஏறக்குறைய ஒன்றில்தான் நேரிடுகிறது. வீணான பயத்தினால் ஊசியைத் தவறவிடும் குழந்தைகளோ எத்தனையோ மடங்கு அதிகம். பின்வருவன ஊசிக்குத் தடையாகா:

சளி, இருமல், இலேசான காய்ச்சல், சாதாரண வயிற்றுப்போக்கு, குழந்தை மெலிந்திருத்தல், குறைமாதத்தில் பிறந்திருத்தல், கரப்பான், இழுப்பு, தாய்ப்பால் குடித்தல், மூத்த குழந்தைக்கு எப்போதோ வலிப்பு வந்திருத்தல், சாதாரணக் கிருமிநாசினி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருத்தல்.

முற்காலத்தில் அம்மைப்பாலுக்குத் தடையாயிருந்த கரப்பான் இப்போதுள்ள ஊசிகளுக்குத் தடையன்று என்பதைக் கவனிக்கவும். மெலிந்த குழந்தைக்கு ஊசி வேண்டாமென்று பாட்டிமார் தடுப்பதுண்டு. உண்மையில், மெலிந்த குழந்தையைத்தான் தட்டம்மை முதலில் கொண்டுபோகிறது. ஆகையால் அதற்கே ஊசி முதலில் வேண்டும்.

கோச்சடையிலிருந்து ஒரு தாய் 9 மாதக் குழந்தையோடு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது, நர்சம்மா, அடுத்த வாரம் எடுத்து வருகிறேன்" என்கிறாள். செவிலியர் குழந்தையின் உடம்பைத் தொட்டுப் பார்க்கிறார், மூச்சைக் கவனிக்கிறார், பால் குடிக்கிறதா என்று கேட்கிறார். பால் குடிக்கிறது, விளையாடுகிறது. "இன்றே போட்டுக்கொள், அம்மா" என்கிறார். அடுத்த வாரம் நாற்று நடவு. அதற்கடுத்த வாரம் ஊர்த் திருவிழா. அப்புறம் தாய் பிறந்தவீடு போய்விடுவாள். ஒரு வாரம் என்று ஆரம்பித்த தாமதம் ஆறு மாதம் ஆவதைச் செவிலியர்கள் நன்கு அறிவார்கள்.

"பிள்ளைக்கு மணல்வாரி போட்டுத் தண்ணீர் ஊற்றியாயிற்று, இனி அம்மை ஊசி எதற்கு?" என்பதும் அடிக்கடி கேட்கப்படும் சொல். சிறு பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு உடம்பில் செந்தடிப்பு வரும் நோய்கள் பல. வீட்டில் மணல்வாரி என்று சொன்னதெல்லாம் தட்டம்மையாகிவிடாது. முன்பே வந்திருந்தாலும் ஊசியால் தீங்கில்லை. வராதிருந்தால் ஊசி காக்கும். மாரியம்மனிடம் உள்ள பக்திக்கு இதனால் குறைவு யாதுமில்லை. வேப்பிலை கட்டிய வீட்டிலும் ஊசி போட்ட குழந்தை இருக்கலாம்.

நடுவில் ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். ஆகையால் "தவறிவிட்டதே, திட்டுவார்களே" என்று எந்தத் தாயும் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

மருந்தையும் விசாரித்தல்

செவிலியர் தாயை மட்டும் விசாரிப்பதில்லை. மருந்துக் குப்பியையும் விசாரிக்கிறார். பெயர் என்ன, காலாவதித் தேதி என்ன, 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் இருந்ததா என்று பார்க்கிறார். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். உள்ளே உள்ள சதுரம் வெளிவட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்து வெப்பத்தில் கெட்டது. அதை எறிந்துவிட வேண்டியதுதான். தட்டம்மை மருந்தும் பி. சி. ஜி. மருந்தும் பொடியாக வரும். அவற்றோடு வந்த திரவத்திலேயே அவற்றைக் கரைக்கவேண்டும். கரைத்த நேரத்தைக் குப்பியின்மேல் எழுதவேண்டும். 4 மணி நேரத்திற்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடவேண்டும்.

இவ்விசாரணை ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவா என்னும் சிறு தீவுநாட்டில் நடந்தது சாட்சி. அந்நாட்டின் ஜனத்தொகை சுமார் 2 லட்சம். 2018-ஆம் வருஷம் ஜூலை மாதம் அங்கே தட்டம்மை சேர்ந்த ஊசி மருந்தை உரிய திரவத்தில் கரைக்காமல், தசைகளைத் தளரச்செய்யும் மயக்க மருந்தில் தவறுதலாகக் கரைத்துவிட்டார்கள். ஊசி பெற்ற இரண்டு சிசுக்கள் இறந்தன. தடுப்பு மருந்தில் குற்றமில்லை. குப்பியை வாசித்துப் பார்க்காததே குற்றம். ஆயினும் ஊசி வேலை பல மாதம் நிறுத்தப்பட்டது. ஜனங்களின் நம்பிக்கையும் போய்விட்டது. 2019-ஆம் வருஷக் கடைசியில் தட்டம்மை அத்தீவுகளில் புகுந்தது. 5,700-க்கு மேற்பட்டவர்கள் நோய்வாய்ப்பட்டு, 83 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். விசாரியாமல் போட்ட ஊசியால் இறந்தவர் இருவர். ஊசிக்கு அஞ்சியதன் விளைவாக மாண்டவர் அநேகர்.

நம் நாட்டிலும் இத்தகைய துயரத்தின் நினைவு உண்டு. 2008-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மை ஊசி போட்டபின் 4 சிசுக்கள் இறந்தன. அதன் பின்னர் சிறிது காலம் கிராமங்களில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போடப்பட்டது. வீட்டுப் பக்கத்தில் கிடைத்த ஊசிக்காகத் தாய்மார் கைக்குழந்தையோடு வெகுதூரம் போகவேண்டியதாயிற்று. பிற்காலத்திலேயே ஊசி மறுபடியும் கிராமங்களுக்கு வந்தது.

2017-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது, கைப்பேசிகளின் வழியே பொய்வதந்தி பரவிப் பெற்றோர் பலர் மறுத்துவிட்டார்கள். ஆகையால் ஊசிக்கு முன் கேட்கும் கேள்வி அந்த ஒரு குழந்தையை மட்டும் காப்பதாக எண்ணலாகாது. ஊரார் ஊசியின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையையும் அதுவே காக்கிறது. சங்கத்தின் கணக்கில் ஒரு தவறு நேர்ந்தால், நூறு அங்கத்தினர் தங்கள் டிபாசிட்டைத் திருப்பிக் கேட்க வந்துவிடுவதை அங்கத்தினர்கள் அறிவார்கள் அல்லவா?

ஊசிக்குப் பின் அரை மணி

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அவ்விடத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொல்வது விசாரணையின் கடைசிப் பகுதி. எவ்வளவு கேட்டாலும், முன்பு ஒவ்வாமை வந்திராதவருக்கு முதல் முறையாக வரக்கூடும் என்பதைக் கேள்வியால் அறிய முடியாது. அப்படி வந்தால் பெரும்பாலும் சில நிமிஷங்களிலேயே தெரிந்துவிடும். தோல் தடித்துச் சிவக்கும். உதடும் கண்ணிமையும் வீங்கும். மூச்சில் இழுப்பு உண்டாகும். நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடும். அதற்கு அட்ரினலின் என்னும் மருந்தைத் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே செலுத்தவேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரே வயதுக்கேற்ற முதல் அளவைப் போட்டு, 108 வண்டியை வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். குழந்தை அவர் கண்ணெதிரே இருந்தால் இது கைகூடும். பஸ்ஸிலோ வயல் வரப்பிலோ இருந்தால் யார் செய்வார்?

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊசியைக் கண்டு பயந்து மயங்கி விழுவது வேறு. அப்போது முகம் வெளுத்து வியர்க்கும். நாடி மெதுவாக ஓடும். தடிப்பும் இழுப்பும் இரா. படுக்கவைத்துக் காலைச் சிறிது உயர்த்தினால் சீக்கிரமே தெளிந்துவிடும். ஆகையால் பெரிய பிள்ளைகளை உட்காரவைத்தே ஊசி போடவேண்டும்.

போகும்போது செவிலியர் நான்கு விஷயங்களைச் சொல்லி அனுப்புவார். எந்த நோய்க்கு எந்த மருந்து போடப்பட்டது. என்ன உபத்திரவம் வரலாம், வந்தால் என்ன செய்வது. அடுத்த முறை எப்போது வரவேண்டும். அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை கொண்டுவரவேண்டும். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய், பச்சிலை, மஞ்சள் எதுவும் தடவலாகாது, தேய்க்கவும் கூடாது. பி. சி. ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சிறு கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். அதற்கு வைத்தியம் வேண்டாம்.

சங்கத்தார் செய்யக்கூடியவை

சங்கங்கள் இவ்விஷயத்தில் பணச்செலவின்றியே அதிக உதவி செய்யலாம். ரேஷன் கடையிலும் சங்கக் கட்டடத்திலும் ஊசி போடும் புதன்கிழமையையும் இடத்தையும் எழுதிவைக்கலாம். ஊசி போடும் நாளில் தாய்மார் அரை மணி உட்காருவதற்கு நிழலும் பெஞ்சியும் குடிதண்ணீரும் தரலாம். நிழல் இல்லாத இடத்தில் எந்தத் தாயும் கைக்குழந்தையோடு அரை மணி காத்திருக்க மாட்டாள்.

காளவாய் என்றால் சூளை. மதுரைச் சமவெளியில் செங்கற்சூளை வேலைக்காக ஊர்விட்டு ஊர் வரும் குடும்பங்களின் குழந்தைகள் எந்த ஊர்க் கணக்கிலும் சேராமல் விட்டுப்போகக்கூடும். அவர்கள் வந்திறங்கியவுடன் செவிலியருக்குச் சொல்லியனுப்புவது சங்க அங்கத்தினர் ஒருவர் செய்யக்கூடிய பெரிய தருமம். அவர்களிடம் அட்டை இல்லாவிட்டாலும் ஊசி உண்டு; புதிய அட்டை எழுதிக் கொடுப்பார்கள்.

கடன் பாஸ் புஸ்தகத்தை எப்படிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறோமோ அப்படியே குழந்தையின் அட்டையையும் காப்பாற்றவேண்டும். பாஸ் புஸ்தகத்தில் பொய்க்கணக்கு எழுதினால் பணம் போகும். செவிலியரிடம் பொய்ப்பதில் சொன்னால் போகக்கூடியது பணத்திலும் பெரிது. கேட்பது செவிலியரின் கடமை. உள்ளதை உள்ளபடி சொல்வது பெற்றோரின் கடமை. "இதைச் சொன்னால் ஊசி இல்லை என்று சொல்லிவிடுவார்களோ" என்ற பயம் வேண்டாம். பெரும்பாலும் சொன்ன பிறகும் ஊசி உண்டு. இல்லை என்றால் அதற்குத் தக்க காரணமும் வேறு வழியும் உண்டு.

அடுத்த புதன்கிழமை குழந்தையோடு செல்லும் தாய்மார் அட்டையைக் கையில் எடுத்துச் செல்வார்களாக. கேட்பதற்கு ஒளியாமல் விடை சொல்வார்களாக. அரை மணி இருந்து திரும்புவார்களாக.